ஏழின் இடுப்பில் ஒரு கோடு

ப்ரெஸ்த் துறைமுகத்தில் மழைக்கு நேரம் காலம் கிடையாது.
விசாரணை அறை மூன்றாம் மாடி.
சன்னலுக்குக் கீழே பென்ஃபெல்ட் ஆறு,
பாலத்தின்மேல் காலியாய்ப் போகும் டிராம்.
ஐந்து அதிகாரிகள், ஒரு தண்ணீர்க் குடுவை,
பிளாஸ்டிக் உறைக்குள் என் பதிவேடு:
உப்பு காய்ந்து அப்பளமாய்ப் பொருமிய பக்கங்கள்.

தலைவர் என் பெயரைப் பாதியில் விட்டுவிடுகிறார்.
"அமலோ..."
மீதியை நானே சொல்லி முடிக்கிறேன்.
பிறந்தது காரைக்கால். கடற்படையில் பதினோரு வருடம்.
அன்றிரவு காற்றழுத்தமானியைப் பார்த்து
மணிக்கொரு தரம் எழுதியவன் நான்.

"மூன்று மணிக்கு என்ன எழுதினீர்கள்?"

தொள்ளாயிரத்து எழுபத்தேழு.

"எழுபத்தொன்று என்றல்லவா இருக்கிறது?"

இந்த நாட்டில் ஏழுக்கு இடுப்பில் ஒரு கோடு உண்டு.
கோடில்லாத ஏழை ஒன்று என்றே படிப்பார்கள்.
நடு ஏழுக்குப் போட்டிருக்கிறேன், பாருங்கள்.
கடைசி ஏழின்போது கப்பல் முப்பத்தெட்டு டிகிரி சாய்ந்தது.
பென்சில் ஓடியது.
தவழ்ந்துபோய் எடுத்துவந்து
நாலு மணிக்கான கட்டத்தை வரையத் தொடங்கிவிட்டேன்.

கமாண்டர் தாங்கி சிவப்பு விளக்கடியில் குனிந்து பார்த்தது
இரண்டு விநாடி.
ஒரு மணி நேரத்தில் எட்டு இறங்குமா என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் அந்தக் காற்றில் எனக்கு விழுந்திருக்குமோ என்னவோ.
அணியை விட்டு விலகாதே என்பது கரையின் உத்தரவு.
அவர் திருப்பச் சொன்னார்,
துவார்னெனே விரிகுடாவின் மறைவுக்கு.

திரும்பும்போது கப்பலின் விலா திறந்து கிடக்கும்.
ஒரே ஓர் அலை.
பின்தளத்தில் படகின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான் எர்வான்.
அலை வடிந்தபோது கயிறு இறுக்கமாகத்தான் இருந்தது.

பள்ளியில் சொல்வார்கள்,
கையெழுத்து நன்றாயிருந்தால் தலையெழுத்து நன்றாயிராது என்று.
யார் தலை என்று சொன்னதில்லை.

கமாண்டர் எழுந்தார்.
"எழுபத்தேழு என்றுதான் படித்தேன்.
திருப்புவதற்கு எழுபத்தேழே போதும்.
முடிவு என்னுடையது. அவர் எழுத்தில் பிழையில்லை."
என் பக்கம் பார்க்கவேயில்லை.

ஆனால் என் காது அன்று அவ்வளவு செவிடில்லை.
இயந்திர அறைக்கு அவர் ஒலிவாங்கியில் கத்தியது கேட்டது:
"எழுபத்தொன்று! பிடித்துக்கொள்ளுங்கள்!"
அப்போதே சொல்லியிருக்கலாம்.
வாய் நிறையப் பித்தம்.
அதற்குள் சுக்கான் சுழன்றுவிட்டது,
அல்லது சுழன்றுவிட்டதாக
இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

"வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா?"

இல்லை என்றேன்.

தேதி பெப்ரவரி ஏழு.
கையொப்பமிடும்போது கோட்டை அழுத்திப் போட்டேன்,
அடியிலிருந்த தாளிலும் பதிந்தது.

தாங்கி என்பது இங்கே பழைய பிரெத்தோன் பெயர்.
என் காதுக்கு மட்டும் அது தமிழ்.
சுமைதாங்கி என்று மனதுக்குள் கும்பிட்டேன்.
படியிறங்கும்போது வேறொன்று தோன்றியது:
இடிதாங்கி.
அது காப்பாற்றுவது கட்டடத்தை.
புயலெச்சரிக்கை வந்த பிறகும் எங்களைக் கடலுக்கு அனுப்பியவரின் அறை
இதே கட்டடத்தில் நாலாம் மாடி.
அவரைப் பற்றிய கேள்வி எதுவும்
அவர்கள் கையிலிருந்த தாளில் இல்லை.

நடைக்கூடத்தில் எர்வானின் அக்கா
மடக்கிய குடையிலிருந்து சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
யார் குற்றம் என்று கேட்பாள்,
எண்ணைப் பற்றிக் கேட்பாள் என்று
பதிலைத் தேடிக்கொண்டே வந்தேன்.

"தண்ணீர் ரொம்பக் குளிராக இருந்ததா?" என்றாள்.

அதுவும் பதிவேட்டில் இருக்கிறது, என் எழுத்திலேயே.
ஒன்பது டிகிரி.
ஒன்பதை யாராலும் தவறாகப் படிக்க முடியாது.